தண்டின் கழுத்தில்

நாள் 1, காலை 9:10
நிலாவின் தென்முனைப் பட்டறை. காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. ஆள் ஒருவன்: ஆறுக்குட்டி, வயது அறுபத்தொன்பது. இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இதை நானே எழுதுகிறேன். போன ஆண்டுவரை கைநாட்டு. பள்ளத்தில் பனி வெட்டும் தமயந்தி ரேடியோவிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஆகட்டும்.

நாள் 1, பகல் 1:40
பள்ளத்திலிருந்து தமயந்தி: "அப்புச்சி, நாங்க பறந்து வர்ற ஓடத்துல எஞ்சின் பம்ப்புத் தண்டு ஒடிஞ்சு போச்சுங்க. மூணு பேரும் மாட்டிக்கிட்டோம். காத்து அஞ்சு நாளைக்குத்தான் வருமுங்க."
"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்குது அம்முணி. கடைஞ்சது அப்படியே பச்சையாக் கெடக்குது. ஷாட் பீனிங் பண்ணோணும்."
"பண்ணாம அனுப்புனா?"
"பாதி வழியில உன்னையக் கீழ போட்டுரும்."
"அப்ப நல்லாவே அடிங்க!"

நாள் 1, மாலை 5:00
கடுகளவு எஃகுக் குண்டுகளைக் காற்றால் வீசித் தண்டின்மேல் அடிப்பதுதான் வேலை. ஒவ்வொரு குண்டும் சிறு குழி போடும். குழிகள் நெருங்க நெருங்க மேல்தோல் இறுகும். இறுகிய தோலில் விரிசல் வாய் திறக்காது. கோவையில் நாற்பது ஆண்டு இதைத்தான் செய்தேன்.
டிரம்மில் பாதிக் குண்டுகள் உடைந்தவை. உடைந்தது குழி போடாது, கீறும். ஒரு கீறல் போதும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். சாய்த்த கண்ணாடியில் உருட்டிவிட்டால் உருண்டை மட்டும் ஓடிவிடும். இங்கே நிலாத்தூள் ஒட்டி எதுவும் ஓடவில்லை. கையால் பொறுக்குகிறேன்.

நாள் 2, பகல் 3:15
விரல் நுனி மரத்துவிட்டது. ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்க்கிறேன். உருண்டை குளிரும், உடைந்தது குத்தும். உதட்டில் ரத்தம். தூங்கவில்லை.

நாள் 4, காலை 7:30
அடித்து முடித்தேன். தண்டோடு சேர்த்து அடித்த சோதனைத் தகடு வேண்டிய அளவு வில்லாய் வளைந்தது; தோல் இறுகிவிட்டது. தண்டு சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கிறது. அதுதான் அழகு.
தமயந்தி: "அந்த ரெண்டு முடிச்சுக் கம்பியக் கட்டி அனுப்பிராதீங்க. ஒரு சீட்டுல பேரெழுதி வையுங்க, மூணு பேரும் படிக்கிறோம்!"
எழுத்துத் தெரியாத நாற்பது ஆண்டும், முடித்த வேலையில் நான் கட்டிவிடும் அடையாளம் அந்தக் கம்பிதான். சீட்டுத் தொலைந்துபோகும். தண்டின் கழுத்திலேயே, பொறிக்கும் ஊசியால், நிறுத்தி நிறுத்தி என் பெயரை எழுதினேன். மூன்று முறை தடவிப் பார்த்தேன். தானியங்கி வண்டி புறப்பட்டது. போய்ச்சேர ஒன்றரை நாள். கண் சொருகுகிறது.

நாள் 6, காலை 10:20
தூக்கம், கஞ்சி, மறுபடி தூக்கம். இன்றுதான் மேசையைத் துடைத்தேன். ஊசிக்குப் பக்கத்தில் சுருள் சுருளாய் எஃகுத் துருவல்.
உடைந்த குண்டை உதட்டால் பொறுக்கியவன், தண்டை ஊசியால் கீறி அனுப்பியிருக்கிறேன்.
"நிறுத்து அம்முணி! மாட்டாத!"
"நேத்து ராத்திரியே மாட்டியாச்சுங்க, இப்பத்தான் எல்லாஞ் சோதிச்சு முடிச்சோம். உங்க பேரப் பார்த்தோம். ஒரு எழுத்துப் பிசகில்லீங்க!"
"அது பேரில்ல அம்முணி. கீறல். அங்கதான் ஒடியும்."
மறுமுனையில் கருவிப்பெட்டி திறக்கும் சத்தம்.
"தேச்சு எடுத்துட்டா?"
"எறுகுன தோலும் சேர்ந்து போயிருமே."
"காத்து மூணு மணி நேரந்தானுங்க இருக்குது. எட்டு நிமிஷம் ஓடுனாப் போதும், பட்டறைக்கு வந்துருவோம். கெளம்பறோம், அப்புச்சி."

10:41
எஞ்சின் பற்றியது.

10:44
"சத்தம் சீராத்தான் இருக்குதுங்க."

10:47
"எழுதிட்டிருக்கீங்களா?"
"எழுதறேன் அம்முணி."
"எழுதுங்க. நிறுத்திராதீ

10:48
ரேடியோவில் ஒன்றுமில்லை.

மாலை 4:00
ஒன்றுமில்லை.

நாள் 7
இதைக் கண்டெடுப்பவருக்கு. பள்ளத்தின் வடக்கு விளிம்பில், பட்டறைக்கு வரும் வழியில் தேடுங்கள். தண்டு இரண்டு துண்டாய்க் கிடக்கும். ஒடிந்த முனைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். என் பெயரைப் படிக்கலாம்.