மூன்று பவுண்டு

திண்டுக்கல்,
12.3.1959

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த மாதம் எடையில் மூன்று பவுண்டு ஏறியிருக்கிறேன்! இன்று ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முள் நகர்ந்ததை நானே பார்த்தேன். உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் பாதியை எடுத்த பிறகு மாதாமாதம் இளைத்துக்கொண்டே போனேன். இளைத்ததை உங்களுக்கு எழுதவில்லை. பம்பாயில் தனியாக இருந்துகொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? போன மாதம் அத்தைதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

"என்னென்ன சாப்பிடுற?" என்று டாக்டரம்மா கேட்டார். கஞ்சி, முட்டை, பால் என்று சொன்னேன். "எப்போ சாப்பிடுற?" என்றதும் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பெறகு தாயி. மூணு மணி ஆயிரும்," என்றார்கள் அத்தை.

"பாதி வயித்துல ஒரே வேளையில எம்புட்டுக் கொள்ளும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடணும்."

திரும்பும்போது பஸ்ஸில், அத்தைக்குக் கோபமோ என்று நான் பயந்துபோனேன். மறுநாள் காலை உங்கள் தம்பிகள் சாப்பிட உட்காரும் முன்பே என் கையில் கிண்ணத்தைத் திணித்தார்கள்.

"ஏத்தா, மொதல்ல நீ தின்னு. அவனுக செத்த நேரம் பொறுத்தா ஒண்ணும் ஆயிராது."

அன்றிலிருந்து தினமும் ஆறு வேளை!

இன்று வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி அத்தையிடம் நீட்டினேன். "எனக்கு என்னத்துக்குத்தா? எனக்குத்தான் வயிறு முழுசா இருக்கே," என்றார்கள். ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆண்கள் வயலிலிருந்து வருவதற்குள் குடித்து முடித்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்கள்.

உங்கள் அன்பு மனைவி