அதிபரின் மேசையில் ஒன்பது குளிசைகள்

பீலெஃபெல்ட், ஜெர்மனி
28.11.2004, ஞாயிறு

அன்புள்ள சிநேகிதி கண்மணிக்கு,

உன்னுடைய குளிசையால் இங்கே ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. சுகம் விசாரிக்கும் முன் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். போன கிழமை என் தங்கை றீற்றா உன்னோடு பேசும்போது பாதியில் ரெலிபோன் காட் முடிந்துவிட்டது. மீதியை நீ உன் பயத்தால் நிரப்பி, இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாயாம். அதனால் நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

ஓகஸ்ட் மாதம் றீற்றா குடும்பம் மன்னாருக்கு வந்தபோது, நீ வேலை செய்யும் டிஸ்பென்சரியிலிருந்து அவள் மகள் மிதுசாவுக்குப் பத்துப் பரசிற்றமோல் குளிசை கொடுத்தாய். வழக்கம்போலச் சின்ன வெள்ளைக் கடதாசி உறைக்குள் போட்டு, மேலே பேனையால் ‘நோவுக்கு. சாப்பிட்ட பின் 1’ என்று எழுதினாய். நாங்கள் பிறந்த நாள் முதல் மருந்து என்று கண்டது அந்த உறையைத்தான். பிள்ளை அதைப் பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்தாள். மாதத்தில் ஒரு நாள் அவளுக்கும் தேவைப்படலாம் என்றுதான், ஆனால் அதுவரை ஒன்றும் எடுக்கவில்லை.

அவள் படிக்கும் உயர்நிலைப் பாடசாலையில் தொள்ளாயிரம் பிள்ளைகள். ஒரு தாதி கிடையாது. நோயாளர் அறை என்று ஒன்று உண்டு. அதற்குள் ஒரு கட்டில், ஒரு போர்வை, ஐஸ் பை, ஒரு ரெலிபோன். ஆசிரியர்கள் ஒரு தலையிடிக் குளிசைகூடக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அந்த அறையைப் பார்த்துக்கொள்வது முதலுதவி பழகிய மேல்வகுப்புப் பிள்ளைகள். வியாழக்கிழமைகளில் மிதுசாவின் முறை. சிவப்பு மேலங்கி போட்டுக்கொண்டு நிற்பாள். படிப்பு முடிந்ததும் தாதிப் பயிற்சிக்குப் போவதுதான் அவளுடைய எண்ணம், உனக்கும் சொல்லியிருப்பாள்.

இம்மாதம் நாலாம் திகதி அவளுடைய வகுப்புப் பிள்ளை கத்தரீனா மாத வயிற்றுநோவில் சுருண்டு அந்த அறைக்கு வந்திருக்கிறாள். அலுவலகத்துக்கு அறிவித்தார்கள். தாயின் ரெலிபோன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தகப்பன் வேறு நகரத்தில். பொறுப்பான ஆசிரியை இரண்டு தரம் எட்டிப் பார்த்து, தாய் கிடைக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒன்றே முக்கால் மணித்தியாலம், கண்மணி! அந்தப் பிள்ளை வாந்தி எடுத்து, அழுது, வீட்டில் எப்போதும் போடும் பரசிற்றமோலையாவது தாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். மிதுசா அவளிடம் அந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா, சாப்பிட்டாளா, வேறு ஏதும் எடுத்தாளா என்று கேட்டு, தன் பையிலிருந்து ஒன்றைக் கொடுத்தாள். அரை மணித்தியாலத்தில் அவள் எழும்பி இருந்தாள்.

அதற்குப் பிறகு மிதுசா செய்த காரியத்தைக் கேள். அறையில் இருக்கும் பதிவுப் புத்தகத்தில் நேரத்தையும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி, கீழே தன் கையெழுத்தையும் வைத்தாள். ஒருவரும் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவளுடைய நேர்மைதான் காட்டிக் கொடுத்தது. மறுநாள் உன் உறையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘இன்னதென்று தெரியாத பொருளை’ இன்னொரு மாணவிக்குக் கொடுத்தாள், பாடசாலையிலிருந்து நீக்குவது பற்றி ஆசிரியர் கூட்டம் ஆராயும் என்று வீட்டுக்குக் கடிதம் வந்தது. பாடசாலை முடிவுச் சோதனைக்கு இன்னும் ஆறு மாதம் இல்லை.

நான் ஊரில் முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்வது இன்னொரு பிள்ளைக்கு நஞ்சாகலாம். உறையில் மருந்தின் பெயர் இல்லாதது எங்கள் பிழை. அது உன் பிழை, என் பிழை, எங்கள் ஊர் வழக்கத்தின் பிழை. ஆனால் ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் தீயணைக்கும் வாளியைப் பூட்டி, திறப்பை வேறு ஊரில் உள்ளவரிடம் கொடுத்துவிட்டு, தீப்பிடித்தபோது தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றியவளைப் பிடித்து, இந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டால் எப்படி இருக்கும்? தொள்ளாயிரம் பிள்ளைகளுக்கு ஒரு தாதியை வைக்காதவர்களை ஆராய எந்தக் கூட்டமும் இல்லை.

பதினாறாம் திகதி கூட்டத்துக்கு றீற்றாவோடும் அவள் கணவர் விஜயரத்தினத்தோடும் நானும் போனேன். பாடசாலை அதிபரும் ஐந்து ஆசிரியர்களும் இருந்தார்கள். மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை. மிதுசாவே தன்மேல் உள்ள குற்றச்சாட்டைத் தாய் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லை விழுங்கவில்லை, ஒரு சொல்லை மெதுப்படுத்தவில்லை. என்னவென்று தெரியாமல் கொடுத்தேன் என்று எழுதிய ஒரு தாளில் அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். தம்பி விஜயரத்தினம் அகதி விண்ணப்பக் காலத்துப் பயத்தோடு, “மன்னிப்புக் கேள் பிள்ளை, எங்கை கையெழுத்து வைக்கிறதெண்டு கேள்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள், “அப்பா, குளிசை குடுத்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறன். என்னெண்டு தெரியாமல் குடுத்தனான் எண்டு கையெழுத்து வைக்க ஏலாது. எனக்குத் தெரியும்” என்றாள்.

உன் உறை அதிபரின் மேசையில், ஒரு கண்ணாடிப் பைக்குள், களவுப் பொருள்போல இருந்தது. மீதி ஒன்பது குளிசைகள். ஆய்வுக்கு அனுப்பினால் பல கிழமை ஆகும், அதுவரை மிதுசா பாடசாலைக்கு வரக்கூடாது என்று அதிபர் சொன்னார். என் தலை அப்போது உண்மையாகவே இடித்துக்கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய், பையைத் திறந்து, ஒரு குளிசையை எடுத்து, அவருடைய தண்ணீரிலேயே விழுங்கிவிட்டேன்.

நீ சிரிப்பாயோ ஏசுவாயோ தெரியாது. என் மாணவி யாராவது செய்திருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பேன். மிதுசாவிடம், “எனக்குத் தலையிடி, அதுதான் போட்டனான் எண்டு சொல்லு” என்றேன். பிள்ளை அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

பிறகு நடந்ததைக் கேள். தெரியாத பொருளை ஒருவர் உட்கொண்டால் உடனே அம்புலன்ஸ் அழைக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய விதி. எட்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அழுது துடித்த பிள்ளைக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஒருவரும் வரவில்லை. சுகமாக நின்ற எனக்கு எட்டு நிமிடம்! வந்த பெடியன் என்ன எடுத்தேன் என்று கேட்டான். மிதுசா பரசிற்றமோல் என்றாள், அதிபர் தெரியாது என்றார். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிலில் ஏற்றினான். றீற்றா, “அக்கா, உங்களுக்கு என்ன விசரே?” என்று வழி முழுவதும் ஏசினாள். விஜயரத்தினம், “எங்கடை மானத்தையும் சேத்து அம்புலன்சிலை ஏத்திப்போட்டியள் அக்கா” என்றார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து, மாலையில் ஒரு கடிதம் தந்தார்கள். இரத்தத்தில் பரசிற்றமோல் இருந்தது, ஒரு குளிசையின் அளவு. வேறு ஒன்றும் இல்லை. தலையிடியும் போய்விட்டது. அந்தக் கடிதத்தை மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் அதிபரின் கையில் கொடுத்தேன். ஆறு நாளில் முடிவு வந்தது: பாடசாலையிலிருந்து நீக்கவில்லை, எழுத்தில் ஒரு கண்டிப்பு, முதலுதவிக் குழுவிலிருந்து மட்டும் விலக்கியிருக்கிறோம். சிவப்பு மேலங்கியைத் தோய்த்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த வீட்டில் எல்லோரும், அப்பாடா, முடிந்தது என்றார்கள். நானும் சொன்னேன்.

முடியவில்லை, கண்மணி. போன வியாழக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி படியில் விழுந்து, மூக்கால் இரத்தம் ஓடியிருக்கிறது. மிதுசா இரண்டு படி மேலே நின்றாளாம். யாரோ பெரிய ஆட்கள் வரும்வரை அப்படியே நின்றாளாம். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்: “பெரியம்மா, நான் ரெண்டு கையையும் பொக்கற்றுக்குள்ளை வைச்சுக்கொண்டு நிண்டனான். சின்னப் பிள்ளை என்னையே பாத்தது.” சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தாதிப் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் மேசையில் நிரப்பாமல் கிடக்கிறது. அடுத்த மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நீக்கியிருந்தால் வேறு பாடசாலைக்கு அனுப்பியிருக்கலாம். இவர்கள் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு நிற்கப் பழக்கிவிட்டார்கள். குழுவிலிருந்து விலக்கியதை எதிர்த்து நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாலை வகுப்பில் படித்த ஜெர்மன் அவ்வளவுதான். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு வரி. எழுதி முடிப்பேன்.

ஆனால் பிள்ளையிடம் பேச என்னால் ஏலாது. நான் ஆசிரியை. நான் வாய் திறந்தால் பாடமாகிவிடும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வருடம் நீ பிழையான கட்டில்காரருக்கு ஊசி போட்டதையும், தலைமைத் தாதி மேற்றன் எல்லோருக்கும் முன்னால் உன்னை ஏசியதையும், நீ கிணற்றடியில் இருந்து அழுததையும் எனக்குச் சொல்லியிருக்கிறாய். மறுநாள் காலையில் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு எப்படித் திரும்பி அந்த வாட்டுக்குள் போனாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை அவளுக்கு எழுது. நான் கேட்டதாகச் சொல்லாதே. இரண்டு வரி போதும், கெதியாய் எழுது.

மடு மாதா உன்னையும் உன் கைகளையும் காப்பாற்றட்டும்.

உன் அன்புச் சிநேகிதி,
பேர்பெச்சுவா