கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நிமி எழுதுகிறேன். தேவகிருபையால் சுகம். உங்கள் சுகத்தை இந்த முறை விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் பொய்தான் சொல்வீர்கள்.

வயதானவர்கள் கீழே விழாமல் தடுப்பதற்கு இங்கே பாலக்காட்டில் எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். வியாழக்கிழமை இங்கே வந்திருந்த, நெல்லியாம்பதியில் உங்களைப் போலவே தேயிலைக் கொழுந்து கிள்ளும் வேலுத்தாயிடம் ஃபாரத்தின் முதல் கேள்வியைக் கேட்டேன். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?

“நான் எதுக்கு விழப்போறேன்? கல்லு மாதிரில்லா இருக்கேன்” என்றார் அந்த அம்மா. முழங்கையில் ஆறாத காயம். பயிற்சியாளர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

காயத்தைப் பற்றிக் கேட்கட்டுமா என்றேன்.

“ஏனுங்க, ஃபாரத்துல இருக்கறத மட்டும் கேளுங்க. வக்கீலுக்கா படிக்கறீங்க?” என்றார் பயிற்சியாளர்.

“விழுந்தேன்னு சொன்னா எஸ்டேட்ல பேரை வெட்டிருவாங்க, அவங்க குடுத்த லயத்து வீடும் போயிரும். யார் சார் உண்மையச் சொல்லுவா? நீங்க குறிச்சது குப்பை” என்றேன்.

அரை நாள் வராந்தாவில் நிற்க வைத்தார். காற்று நன்றாக வந்தது, கவலைப்படாதீர்கள்.

அங்கே நிற்கும்போதுதான் தங்கச்சி ஜின்சி போனில் சொன்னாள். நீங்கள் குழாயடிப் படியில் விழுந்து இரண்டு வாரம் ஆகிறதாம். சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினீர்களாம். என்னிடம் மறைக்க நான் என்ன சூப்பர்வைசரா?

நம் வீட்டு மிளகாய்ப்பொடி கொஞ்சம் வேண்டும். இங்கே சேர்ந்து சாப்பிட ஆளும் இல்லை, சோறும் இறங்கவில்லை. நீங்கள் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், ஜின்சி பஸ்ஸில் கொடுத்துவிடட்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் செய்வேன். எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்று குறைத்துச் சொன்னாலும், வீடு போனால் போகட்டும், உங்கள் பேரை வெட்டச் சொல்லி சூப்பர்வைசரிடம் நானே சொல்வேன்.

உங்கள் மகள்
நிமி