ஆபீசருக்கு வைத்த இறால்

செவ்வாய்
மேகமூட்டம். மழை இல்லை. மானங்கெட்ட காரியம் ஒன்று செய்தேன்: ஆற்றங்கரையில் இரண்டு பாட்டில் பினாயில் ஊற்றினேன். ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்று மனுப் போட்டவர்களில் அடியேனும் ஒருவன்.

நாளை ஆபீசர் வருகிறார். பாதுகாக்க வேண்டிய நீர்நிலைகளின் பட்டியலிலிருந்து எங்கள் ஆற்றை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல், எண்ணெய்; கேட்க நாதியில்லை. திரும்பச் சேர்க்கலாமா என்று பார்க்கத்தான் வருகிறார். எங்கள் மனுவை நடத்தும் வக்கீலம்மா போனில் படித்துப் படித்துச் சொன்னார்: "எதையும் தொடாதீங்க. இருக்கறபடி இருக்கட்டும்."

பக்கத்து வீட்டு ரோசிக்கா கேட்டால்தானே! ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். காலையிலிருந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கரைச் சாம்பலை வாருகிறாள். "வர்றவரு கலீஜுலயா நிப்பாரு? நம்ம நெட்டுக்குப்பம் மானம் இன்னா ஆவுறது?" சாம்பல் போயிற்று, நாற்றம் போகவில்லை. அதனால் பினாயில். என் மூளை.

புதன்
வெயில். ஆபீசர், வெள்ளை ஷூ. "பரவாயில்லையே, சுத்தமா வெச்சிருக்கீங்க." ரோசிக்காவுக்கு முகமெல்லாம் பல். வக்கீலம்மா என்னை முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அடுத்து ரோசிக்காவின் வறுத்த இறால். "எங்க ஆத்து இறாலு சார், துன்னுங்க." ஆற்றில் இறால் கண்டு மாதக்கணக்காகிறது. காசிமேடு மீன் மார்க்கெட்டில் வாங்கியது, ஐஸ் பெட்டி என் ஸ்கூட்டரில் வந்தது. விருந்தாளிக்கு வெறுந்தட்டா என்பது அவள் கட்சி. ஆபீசர் மூன்றாவது இறாலோடு எழுதிக்கொண்டார்: மீன்வளம் நன்று.

திங்கள்
தூறல். முடிவு வந்துவிட்டது. கரை சுத்தம், இறால் உண்டு, சட்டப் பாதுகாப்பு தேவையில்லை. வக்கீலம்மா சொல்லும் ஒரே வழி: அது கடை இறால், ஆற்றில் ஒன்றும் இல்லை என்று ரோசிக்கா கோர்ட்டுக்கு எழுதித் தர வேண்டும்.

"எங்க ஆறு செத்துப்போச்சுன்னு என் வாயால சொல்லணுமா? என் புள்ளைங்கள வளத்த ஆறுப்பா."

"புளுகும்போது மட்டும் இனிச்சுதாக்கா?"

"நீ மூட்றா, பினாயிலு!"

இனி தெருவில் எனக்கு இதுதான் பெயர்.

செவ்வாய்
இறுக்கம், காற்றே இல்லை. ரோசிக்கா கையெழுத்துப் போட்டாள். சாம்பல் வாரிய உள்ளங்கை தோலுரிந்து கிடக்கிறது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. இன்று அவள் வீட்டில் உலை வைக்கவில்லை. ஜோக் ஒன்று சொல்லிப் பார்த்தேன். திட்டக்கூட இல்லை. பயமாக இருந்தது.

புதன்
பனி. வக்கீலம்மா மெசேஜ்: ரோசிக்கா எழுதித் தந்ததைத் தாக்கல் செய்தாயிற்று, இனி மாற்ற முடியாது.

ரோசிக்கா ஆற்றிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்தாள். புடவை சொட்டச் சொட்ட. இறால் போடும் பனையோலைப் பறியைச் சாய்த்துக் காட்டினாள்.

இரண்டு இறால். உயிரோடு.