கல்நாரில் கல்லும் நாரும்

15.7.91 திங்கள்

ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்தக் காற்று. ஆறாம் வகுப்புக் கூரையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பெயர்ந்து விழுந்து சுக்கல். நல்லவேளை, சத்துணவு நேரம். உள்ளே யாரும் இல்லை. பென்னலூர் பஸ் தாமதம். தயிர் வாங்க மறந்தாயிற்று.

16.7.91 செவ்வாய்

பள்ளிக்கூட கேட் பக்கம் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று. அதை மூட ஹெச்.எம். கண்டுபிடித்த வழி: உடைந்த ஷீட்டைப் பையன்கள் சுத்தியலால் பொடித்துக் கொட்டுவது. நான் பார்த்தபோது பாதி முடிந்துவிட்டது. ஏழுமலைக்குப் புருவமெல்லாம் வெள்ளை.

"டீச்சர், நான் கெழவனாயிட்டேன் பாருங்க."

சுற்றிலும் சிரிப்பு. கத்தி நிறுத்தினேன். எல்லாருக்கும் முகம் கழுவிவிட்டேன். மூச்சில் போனதை எப்படிக் கழுவ?

என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது மறைமலை நகர்ப் பக்கம், பிரேக் கட்டை செய்யும் கம்பெனி. அதிலும் இதே ஆஸ்பெஸ்டாஸ், கல்நார்தான். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அங்கே நனைக்காமல் தொட விடமாட்டார்களாம். தூசு நெஞ்சில் போனால் வெளியே வராதாம், பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம். ஏழுமலைக்குப் பதினொரு வயசு.

17 புதன்

ஆடி ஒன்று. பாயசம் இல்லை, மனசும் இல்லை. நானும் சத்துணவு ஆயாவும் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கு விரித்து, மேலே மண் போட்டோம். ஆறாம் வகுப்பை வராந்தாவுக்கு மாற்றினேன். ஹெச்.எம். கூப்பிட்டு விட்டார்.

"கல்நார்னா கல்லு டீச்சர். கல்லு இன்னா பண்ணும்?"

"நாருன்னும் இருக்குதே சார்."

தமிழ்ப் பாடத்தைத் தமிழ் ஐயாவிடம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் சயின்ஸ் டீச்சர், ஞாபகம் இருக்கிறதா இந்த மனுஷனுக்கு? சாயங்காலம் அம்மாக்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகளை வராந்தா வெயிலில் உட்கார வைக்கிறேனாம். புகார் என் மேல்! நல்ல நியாயம்.

18 வியாழன்

தலைவலி.

19 வெள்ளி

ஹெச்.எம். முகமெல்லாம் பல். கூரைக்கு இலவசமாக ஷீட் வருகிறதாம். என் வீட்டுக்காரர் கம்பெனியில் பழைய ஷெட்டைப் பிரிக்கிறார்கள், கழற்றிய கல்நார் ஷீட் நமக்கு. வீட்டுக்காரரிடம் தேங்க்ஸ் சொல்லச் சொன்னார். இவருக்கே தெரியாத சங்கதி.

மூன்று மணிக்கு லாரி ரோட்டில் நின்றது. டிரைவருக்குப் போட மாலையோடு ஹெச்.எம். ஓடினார். ஷீட் இறக்க ஏழாம் வகுப்புப் பையன்கள் உள்ளே வரிசையில். லாரி மேல் இரண்டு ஆட்கள், மூக்கை மூடித் துணி. ஷீட் ஓரமெல்லாம் உடைசல், காய்ந்த பொடி. எதற்குத் துணி என்று கேட்டேன்.

"கம்பெனி ரூலுமா. கட்டலன்னா வேலைக்கு வுட மாட்டாங்க."

அப்படியென்றால் பையன்களுக்கு?

"பசங்க கம்பெனி ஆளு இல்லியேமா."

கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டேன். லாரி வெளியே. மாலையோடு ஹெச்.எம். வெளியே. பையன்கள் உள்ளே.