ஆக்டோபஸும் தோழியின் கோட்டும்

என் குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், தையல் கடையும் சுகம், மெஷின் மட்டும் இடையிடையே மக்கர் பண்ணுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் கேட்டால் நல்லாத்தாம்மா இருக்கேன் என்று வாய் கூசாமல் சொல்லுவாய், அதனால் கேட்கவில்லை. போனில் கேட்டுப் பார்த்தாயிற்று. என்னடி விசேஷம் என்று வாயெடுத்தாலே ஆய்வகத் தொட்டிப் பக்கம் கேமராவைத் திருப்பி ஆக்டோபஸைக் காட்டிவிடுகிறாய். கடிதத்தை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது, உட்கார்ந்து படி.

அந்தப் பிராணிமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதற்கு மூன்று இதயம் என்றபோது சிரித்தேன், ஒன்றை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு போதாதா. ஒரு காலத்தில் அதன் வம்சத்துக்கு ஓடு இருந்தது, ஓட்டை இழந்த பிறகு ஒளிந்து பிழைக்கத்தான் இவ்வளவு மூளையும் நிறம் மாறுகிற தோலும் வந்ததோ என்று ஆராய்கிறோம் என்றாய், கேட்டுக்கொண்டேன். மரபணுவில் எழுதியது எழுதியபடி இருக்க, அதிலிருந்து எடுக்கிற நகலில் மட்டும் ஆக்டோபஸ் திருத்தம் போட்டுக்கொள்ளும், தண்ணீர் குளிர்ந்தால் திருத்தம் கூடும் என்றாய். நம் கடையில் மாதிரி அட்டையைத் தொடாமல் துணிமேல் சாக்குக்கட்டியால் கோட்டைத் தள்ளிப் போடுகிற மாதிரியா என்றேன், கிட்டத்தட்ட அதேதாம்மா என்று குதித்தாய். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் தாய் ஆக்டோபஸ் கதை சொன்னாயே, அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது. முட்டை போட்டுக் காவல் இருக்கையில் அது சாப்பிடுவதையே விட்டுவிடும், குஞ்சு பொரிக்கிற நேரத்தில் செத்துப்போகும், கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சுரப்பிதான் காரணம், அதை எடுத்துவிட்டால் முட்டையை விட்டுவிட்டு மறுபடி சாப்பிடப் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாவம்மா அது என்று மூக்கை உறிஞ்சினாய். இத்தனை வருஷமாக அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கிறவளுக்குத் திடீரென்று என்ன பாவம்?

அன்றிலிருந்து நீ சொல்லுகிற எதையும் நம்ப முடியவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் அவ தூங்குறா அத்தை என்கிறார், அங்கே அப்போது நடுப்பகல். பகலில் தூங்குகிற பெண்ணையா நான் பெற்றேன்? முதலில் இரண்டு பேருக்கும் சண்டையோ என்று நினைத்தேன், அப்புறம் வேலை போய்விட்டதோ என்று, கடைசியில் உடம்புக்கு ஏதோ வந்து மறைக்கிறாயோ என்று பயந்தேன். அப்பா இஸ்திரிப் பெட்டியைக்கூட கீழே வைக்காமல், யார் தும்மினாலும் உனக்குச் சந்தேகம்டி என்கிறார். இந்த நேரத்தில்தான் உன் மெசேஜ் வந்தது, ஆய்வகத்துல போட ஒரு தோழிக்கு வெள்ளை கோட் வேணும், இடுப்பு நல்லா லூசா, உள்ள துணி நிறைய விட்டுத் தைச்சு அனுப்பும்மா என்று. கூடவே அளவு. அடியே, உலகத்தில் எவளாவது இடது தோளுக்கும் வலது தோளுக்கும் தனித்தனியாக அளவு எடுத்துத் தருவாளா? தையல்காரி பெண்ணின் கை, பழக்க தோஷம், தானாக எழுதிவிட்டது. அதிலும் இடது தோள் ஒரு விரல் இறங்கி. உன் பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாண உடுப்புவரை நான் சரிக்கட்டித் தைத்த தோள் அது. யார் காதில் பூ சுற்றுகிறாய்?

ஏன் மறைத்தாய் என்றும் தெரிகிறது. போன தடவை எல்லோருக்கும் சொன்ன பிறகு கலைந்துபோனது, இந்தத் தடவை வாயைத் திறந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். சொன்னதால் கலையவில்லை குட்டி. நினைத்தால் எனக்கும் இன்னும் நெஞ்சு வலிக்கிறது. என் பயம் வேறு, நீயும் அந்தத் தாயைப் போலக் காவல் இருக்கிறேன் பேர்வழி என்று சாப்பிடாமல் கிடக்கிறாய். மாப்பிள்ளை நேற்று வாய்தவறி அவ தட்டு அப்படியே இருக்கு அத்தை என்று உளறிவிட்டார், அவரைத் திட்டாதே. குமட்டினாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது உள்ளே தள்ளு. தொட்டி கழுவ ஸ்டூல்மேல் ஏறாதே, தண்ணீர் வாளி தூக்காதே. ஆக்டோபஸ் குஞ்சு வெளியே வரும்போது கேட்க அதற்கு அம்மா இருக்காது, எல்லாம் தானே பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு என்ன வந்தது? நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, என்னிடம் சொன்னால் என்ன?

அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. ஆனால் மனுஷன் நேற்று சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்து வைத்திருக்கிறார், கேட்டால் கடைத் துணி வைக்கவாம். அவர்மேலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கிறதும் நல்லபடியாக வந்து சேர வேண்டும். இனி போன் பண்ணினால் ஆக்டோபஸ் வேண்டாம், உன் முகத்தைக் காட்டு. கோட் இதோடு வருகிறது. இடுப்பில் துணியை மடிப்பு மடிப்பாக உள்ளே விட்டிருக்கிறேன், முதல் மடிப்புகளை நீயே பிரித்துக்கொள், நூலை இழுத்தால் வந்துவிடும். கடைசி மடிப்பில் மட்டும் கை வைக்காதே, கெட்டியாகத் தைத்திருக்கிறேன், அதைப் பிரிக்க நான் வருவேன்.

உன் அம்மா