உதறும் பெடல்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானே?

நம் வேனின் பின்சக்கரத்துக்குப் பிரேக் டிஸ்க்கும் ஹப் பேரிங்கும் மாற்றியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். "எதிர்வீட்டுத் தம்பி மழையில நனைஞ்சுக்கிட்டே மாட்டிக் குடுத்தாரு" என்று அவனைப் புகழ்கிறாயே, என்னை ஒருநாளாவது இப்படிப் புகழ்ந்ததுண்டா? அவனுக்குக் காபியை என் டம்ளரிலா கொடுத்தாய்?

அதே நினைப்பில் இன்று இங்கே ஒரு வேனில், சக்கரம் மாட்டும் ஹப்பின் துருவைத் தேய்க்காமலே புது டிஸ்க்கை மாட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்த பட்டறை முதலாளி, "பிரேக் பெடல் உதறுதுடா! துருமேலயே மாட்டினியா? மனச எங்கடா வெச்சிருக்க?" என்று எல்லாவற்றையும் மறுபடி கழற்றவைத்தார். சிரிக்காதே.

அந்த எதிர்வீட்டுத் தம்பி துருவைத் தேய்த்தானா? பிரேக்கை மிதித்தால் பெடல் உதறுகிறதா? உடனே பதில் போடு.

உதறாவிட்டாலும் உதறுகிறது என்றே எழுது.

அவசரத்தில்,
உன் சொந்த மெக்கானிக்